நண்டும் இறாலும் மிஞ்சிச் சம்பலும்



இம்முறை வெள்ளவத்தையிலிருந்து ஒரு சகோதரி எழுதிய நீண்ட கடிதத்துக்கே இப்பக்கம் முழுவதையும் ஒதுக்குகிறேன். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவர் குடியிருப்பது ஒரு மாடிவீட்டில். கீழ்த்தளத்தில் ஒரு மேமன் குடும்பம். நான்கு வருட அயல். நோன்புக் கஞ்சி மேலிருந்து கீழே போகும், கீழேயிருந்து இனிப்பு மேலே வரும். அண்மையில் ஒரு நாள் இரவு அந்தக் குடும்பத்தைச் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறார். இறால், நண்டு, கொஞ்சம் மட்டி, எல்லாவற்றுக்கும் மேலே ஊற்றிக்கொள்ள மிஞ்சி இலையும் கொத்தமல்லி இலையும் அரைத்த பச்சைச் சம்பல். பெரியவர்கள் கோழியோடு நிறுத்திக்கொண்டார்கள். பத்து வயதுப் பிள்ளை மட்டும் இரண்டு நண்டுக்கால்களை ஆசையாகச் சாப்பிட்டு விட்டது.

மறுநாள் காலை அந்த வீட்டு மாமி கதவடியில் வந்து, "எங்கட புள்ளைக்கு ஹராத்த திங்கக் குடுத்திட்டீங்களே" என்று கேட்டிருக்கிறார். சகோதரியின் கணவர் உள்ளேயிருந்தபடியே, "ஷாஃபிஈ மத்ஹபில கடல்ல உள்ளதெல்லாம் ஹலால். தெரியாட்டி கிதாபப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மூன்று வாரங்களாக லிஃப்டில் சந்தித்தாலும் ஸலாம் இல்லையாம். "யார் சொன்னது சரி, மௌலவி?" என்று முடிகிறது கடிதம். கீழே ஒரு வரி: "சம்பலைப் பற்றியும் எழுதுங்கள், அது எல்லோருக்கும் பிடித்திருந்தது."

சம்பலுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில், கீழ்வீட்டு மாமி அறியாமையால் பேசவில்லை. இலங்கையில் வாழும் மேமன் மக்கள் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். இந்நாட்டு முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் ஷாஃபிஈகளாக இருப்பதால் நமக்கு இது மறந்துபோகிறது. தமிழ்நாட்டில் அப்படியல்ல. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கரையோர ஊர்களில் ஷாஃபிஈகள், உள்நாட்டில் ராவுத்தர்கள் ஹனஃபிகள். அங்கே சம்பந்தம் பேசும்போதே மத்ஹபு தெரிந்துவிடும்.

ஹனஃபி மத்ஹபில் நீர்வாழ் பிராணிகளில் மீன் மட்டுமே உண்ண ஆகுமானது. நண்டு, மட்டி, கணவாய் எதுவும் மீன் அல்ல, ஆகவே கூடாது. அசுத்தமானவற்றைத் தடைசெய்யும் அல்அஃராஃப் அத்தியாயத்தின் 157ஆம் வசனத்தையும், செத்தவற்றில் மீனும் வெட்டுக்கிளியும் நமக்கு ஆகுமாக்கப்பட்டன என்ற கருத்தில் வரும் ஹதீஸையும் அவர்கள் ஆதாரமாகக் கொள்வர். ஷாஃபிஈகள் அல்மாயிதாவின் 96ஆம் வசனத்தைக் காட்டுவர். கடலின் வேட்டையும் அதன் உணவும் அங்கே பொதுவாக அனுமதிக்கப்படுகின்றன. கடலின் நீர் சுத்தமாக்கக்கூடியது, அதில் செத்தது ஹலால் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரழி) அறிவிக்கும் ஹதீஸும் உண்டு.

அபூஉபைதா (ரழி) தலைமையில் சென்ற முந்நூறு பேர் கொண்ட படையின் சம்பவத்தைப் பலரும் கேட்டிருப்பீர்கள். உணவு தீர்ந்து, நாளுக்கு ஆளுக்கொரு பேரீச்சம்பழமாகி, கடைசியில் இலைகளை அடித்துத் தின்றார்கள். அப்போது கரையில் ஒதுங்கியது அன்பர் என்ற பிரமாண்டமான கடற்பிராணி. பல நாட்கள் அதை உண்டார்கள். மதீனா திரும்பிச் சொன்னபோது நபி (ஸல்) அவர்களும் அதில் மிஞ்சியதைக் கேட்டு வாங்கி உண்டார்கள். ஷாஃபிஈ ஆலிம் இதைத் தமக்குச் சான்றாகச் சொல்வார். ஹனஃபி ஆலிமோ, ஜாபிர் (ரழி) அதை மீன் என்ற சொல்லாலேயே குறிப்பிடுகிறார்கள், ஆகவே எமக்கும் அது ஆட்சேபமில்லை என்பார். ஒரே சம்பவம், இரண்டு பக்கமும் நிற்கிறது.

இறால் விஷயத்தில் ஹனஃபிகளுக்குள்ளேயே பேச்சு உண்டு. அது மீனா, இல்லையா? எகிப்து நாட்டு அறிஞர் தமீரீ (ஹிஜ்ரி 808இல் வஃபாத்) மிருகங்களைப் பற்றி எழுதிய பெரிய நூலில் இறாலை மிகச் சிறிய மீன் வகை என்று எழுதிவைத்தார். அவரோ ஷாஃபிஈ. அவருடைய அந்தக் குறிப்பையே பிடித்து, இந்தியாவின் மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) ஹனஃபிகளுக்கும் இறால் ஆகும் என்று ஃபத்வா கொடுத்தார்கள். வேறு ஹனஃபி உலமாக்கள் இன்றும் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். எனவே ஒரு ஹனஃபி வீட்டில் இறால் பொரிப்பார்கள், அடுத்த ஹனஃபி வீட்டில் தொடமாட்டார்கள். இரண்டுமே நடக்கும்.

இனி நம் சகோதரியின் கணவருக்கு ஒரு வார்த்தை. அவர் கிதாபைப் பார்க்கச் சொன்னார் அல்லவா? பார்ப்போம்.

அரபுக் கல்லூரிகளில் ஓதியவர்கள் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜைக் கையில் எடுக்காமல் வெளியே வருவதில்லை. அதில், தரையிலும் நீரிலும் வாழ்பவை ஹராம் என்று சொல்லி, உதாரணமாக மூன்று பிராணிகளைச் சொல்கிறார்கள். தவளை, பாம்பு, மூன்றாவது நண்டு. ஆம், நண்டேதான். பின்னால் வந்த இப்னு ஹஜர் ஹைதமீயும் ரம்லீயும் அதையே உறுதிப்படுத்தினார்கள். நண்டுக்கு நீர்த்தேள் என்ற பெயரும் உண்டு என்று விரிவுரைகளில் வரும். அதை ஓதிய அன்று விடுதியில் எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஆனால் அதே இமாம் நவவீ தம்முடைய அல்மஜ்மூஃ என்ற விரிந்த நூலில், கடலில் உள்ளவை தவளையைத் தவிர எல்லாமே ஆகும் என்பதே சரியானது என்ற முடிவுக்கு வருகிறார்கள். ஆக, நண்டு விஷயத்தில் நம் மத்ஹபுக்குள்ளேயே இரண்டு சொல் இருக்கிறது, இரண்டும் ஒரே இமாமின் பேனாவிலிருந்து வந்தவை. "ஷாஃபிஈயில் கடல்ல உள்ளதெல்லாம் ஹலால்" என்று கதவுக்குள்ளிருந்து சொல்லிவிடக்கூடிய விஷயமல்ல இது.

இந்தச் சிக்கலை அண்மைக் காலத்தில் பொறுமையாக அவிழ்த்தவர்கள் இந்தோனேசியர்கள். அவர்களும் நம்மைப் போல ஷாஃபிஈகள். அங்கும் நண்டு பற்றி மக்களிடம் குழப்பம் இருந்தது. 2002இல் இந்தோனேசிய உலமா சபை இதை எடுத்தபோது கிதாபுகளோடு நிறுத்திக்கொள்ளாமல், கடல்வள அறிஞர்களையும் அழைத்து விசாரித்தது. சேற்று நண்டு செவுளால் மூச்சுவிடுகிறது, நீரில் வாழ்கிறது, முட்டையையும் தரையில் இடுவதில்லை, நீரில்தான் இடுகிறது என்பது அவர்களின் சாட்சியம். அப்படியானால் அது நீர்ப்பிராணியே தவிர இரண்டிலும் வாழ்வது அல்ல, ஆகவே உடலுக்குத் தீங்கில்லாதவரை ஹலால் என்று சபை தீர்ப்பளித்தது. நம் களப்புகளில் பிடித்து, கால்களைக் கட்டி, சிங்கப்பூருக்கு உயிரோடு விமானமேற்றும் நண்டும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். ஈரமாக வைத்தால் நீருக்கு வெளியே சில நாட்கள் உயிரோடிருக்கும். முற்கால அறிஞர்கள் அதைத் தரையிலும் வாழ்வதென்று எண்ணியதற்கு அது காரணமாக இருந்திருக்கலாம். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குக் கீழே மணலில் குழி பறித்து ஓடுகிறதே, அந்தச் சின்ன நண்டு வேறு. அது உண்மையிலேயே கரையில் வாழ்வது. அதைச் சந்தையில் யாரும் விற்பதில்லை.

மட்டிக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. எகிப்தில் தனீலஸ் என்ற சிறிய சிப்பியை மக்கள் தின்று வந்தார்கள். இமாம் இப்னு அப்திஸ் ஸலாம் அது கூடாது என்றார்கள். இப்னு அத்லானும் மற்றவர்களும் ஆகும் என்றார்கள். பிந்தியதே மத்ஹபில் நிலைத்தது. எனவே ஒரு ஷாஃபிஈ மட்டியைத் தாராளமாக உண்ணலாம்.

என்னைப் பற்றிக் கேட்டால், நான் நண்டு உண்பதில்லை. மின்ஹாஜில் ஓதியது மனதில் உட்கார்ந்துவிட்டது. என் மனைவியும் பிள்ளைகளும் உண்கிறார்கள், நான் தடுப்பதில்லை. இரண்டு சொல் உள்ள இடத்தில் ஒருவர் மற்றவரைக் கண்டிக்கக்கூடாது என்பது ஃபிக்ஹு கலையில் ஆரம்பத்திலேயே ஓதும் விதி. அந்த விதி கீழ்வீட்டு மாமிக்கும் பொருந்தும். ஷாஃபிஈ வீட்டுச் சட்டியில் இருப்பதை அவர் ஹராம் என்று பெயரிட்டிருக்கக்கூடாது. பருவமடையாத பிள்ளைக்கு அதில் குற்றமும் இல்லை. அதையெண்ணி அவர் நித்திரை இழக்கத் தேவையில்லை.

ஆனால் பெரிய பிழை மேல்வீட்டில் நடந்தது. ஹலாலா ஹராமா என்பதை விட்டுவிடுங்கள். விருந்தாளிக்கு என்ன கொடுக்கிறோம் என்று சொல்லவில்லையே, அதைத்தான் சொல்கிறேன். விருந்தாளி நம் கையை நம்பி வாயைத் திறக்கிறார். அது அமானிதம். பிள்ளையின் உம்மாவிடம் "இது நண்டு, உங்கட வீட்டில திம்பீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு தகுதி இருக்கிறதென்று தெரியவில்லை. ஓதி முடித்து ஸனது வாங்கிய வருடம், கொட்டாஞ்சேனையில் ஒரு வலீமாவுக்குப் போயிருந்தேன். சஹனில் எதிரே ஒரு வயதான வியாபாரி, ஹனஃபி. சோற்றில் கிடந்த இறால்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். சத்தமில்லை, முகச்சுளிப்பில்லை. நான் சும்மா இருந்தேனா? கடல் ஹதீஸைச் சொன்னேன், ஆயத்தை ஓதினேன், ஆறு பேர் கேட்கும்படி விளக்கம் கொடுத்தேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "மௌலவி, நான் ஹதீஸ மறுக்கல்ல. எங்கட வாப்பா திண்ணல்ல, நானும் திண்ணல்ல, அவ்வளவுதான்" என்றார். பிறகு கையைக் கழுவிவிட்டு எழுந்தார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. ஒரு மனிதரைப் பசியோடு எழுப்பிவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பல வருடங்கள் கழித்து, மாணவர்களுக்கு மைமூனா (ரழி) வீட்டு உடும்பு ஹதீஸை நடத்தும்போதுதான் உறைத்தது. நபி (ஸல்) அவர்கள் தம் ஊரில் இல்லாத உணவென்று கையை எடுத்துக்கொண்டார்கள். அருகிலிருந்த காலித் (ரழி) அதை இழுத்து வைத்து உண்டார்கள். அவர்கள் உண்ணவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஒரே தட்டில் இரண்டும் நடந்தது. அந்தப் பெரியவரைத் தேடிப் போனேன். அதற்குள் அவர் மவுத்தாகியிருந்தார்.

சரி, சம்பலுக்கு வருவோம். சமையல் எழுத நான் ஆளில்லை. இது என் மனைவி சொல்லச் சொல்ல எழுதியது.

கடிதத்தில் உள்ள பச்சைச் சம்பல் புதிதொன்றுமல்ல, புரியாணிக்கு வைக்கிறோமே, அந்த மிஞ்சிச் சம்பலைக் கொஞ்சம் இளக்கியதுதான். தமிழ்நாட்டு வாசகர்கள் புதினா என்று படித்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய பிடி மிஞ்சி இலை, அதே அளவு கொத்தமல்லி இலை, பச்சைக் கொச்சிக்காய் இரண்டு, சிறு துண்டு இஞ்சி, உள்ளி ஒரு பல்லு, உப்பு. அம்மியில் அரைத்தால் மணம் நிற்கும், பிளெண்டரில் அடித்தால் நேரம் மிஞ்சும். மூன்று மேசைக்கரண்டி தேங்காயின் முதற்பால் விட்டு இளக்கி, கடைசியில் அரைத் தேசிக்காயின் புளியைப் பிழிய வேண்டும். இதை அடுப்பில் வைக்கக்கூடாது. சூடு பட்டால் இலை கறுத்துவிடும், புளி சேர்ந்த பால் திரிந்துவிடும். ஜும்ஆவுக்கு முன் சாப்பிடுவதானால் உள்ளியை விட்டுவிடுங்கள். பச்சை உள்ளி தின்றவர் பள்ளிவாசலுக்கு வரவேண்டாம் என்று ஹதீஸில் வந்திருப்பது மற்றவர்களின் மூக்கை எண்ணித்தான்.

அரைக் கிலோ இறாலைக் கோது நீக்கி, முதுகைக் கீறி, கறுப்பு நரம்பை எடுத்துக் கழுவி, நீரை ஒற்றி எடுங்கள். உப்பும் மிளகுத்தூளும் மட்டும் பிரட்டினால் போதும். தாச்சி நன்றாகக் காய்ந்தபின் இரண்டு கரண்டி எண்ணெயில் போட்டு மூன்று, நான்கு நிமிடம். இறால் சிவந்து வளைந்ததும் உடனே இறக்கிவிட வேண்டும். கறியில் வேகவைப்பதுபோல் விட்டால் செருப்புத்தோல்போல் ஆகிவிடும். இறக்கி இரண்டு நிமிடம் கழித்து மேலே சம்பலை ஊற்றுங்கள். கோதை எறிய வேண்டாம். அவித்து வடித்தால் மறுநாள் ஆணத்துக்கு ஆகும்.

மட்டியை ஒரு மணித்தியாலம் உப்புநீரில் போட்டு வைத்தால் மண்ணைக் கக்கும். சமைக்குமுன் வாய் திறந்து கிடப்பதைத் தட்டிப் பாருங்கள். மூடாவிட்டால் அது செத்தது, எறியுங்கள். மூடிபோட்டு ஆவியில் வேகவைத்தபின் திறக்காததையும் எறியுங்கள். மட்டி நீரை வடிகட்டி வாழ்கிற பிராணி, நீரில் உள்ள அழுக்கெல்லாம் அதன் வயிற்றில் இருக்கும். ஆகவே கால்வாய் முகங்களில் பொறுக்கியதை, மலிவென்று யார் கொண்டுவந்தாலும் வாங்க வேண்டாம். சில நஞ்சுகள் எவ்வளவு அவித்தாலும் போவதில்லை.

நண்டு உண்பவர்கள் அதை உயிரோடு கொதிநீரில் போட வேண்டாம். அறுக்கத் தேவையில்லாத பிராணி என்பதற்காக வதைக்கலாம் என்று ஆகாது. எல்லாவற்றிலும் நன்மை செய்வதை அல்லாஹ் கடமையாக்கியிருக்கிறான் என்ற கருத்தில், அறுக்கும்போதும் இதமாக அறுக்கும்படி ஷத்தாத் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. ஐஸில் புதைத்து மரத்துப்போகும்வரை வைத்து, பிறகு ஒரே வெட்டில் பிளந்துவிடுங்கள். சினையோடிருக்கும் சிங்கி இறாலை யாரேனும் இரகசியமாகக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். அதைப் பிடிப்பதும் விற்பதும் இந்நாட்டுச் சட்டத்தில் குற்றம்.

வாங்கும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. கொழும்பின் மொத்த மீன் சந்தை 2011 வரை புறக்கோட்டையில் சென் ஜோன்ஸ் சந்தையாக இருந்து பிறகு பேலியகொடைக்குப் போனது. இறால் அங்கிருந்தோ, நேராகச் சிலாபம், புத்தளம், நீர்கொழும்புப் பக்கமிருந்தோ நம் சந்தைகளுக்கு வருகிறது. தலை கறுத்து, உடல் தளர்ந்து, நவச்சார வாடை அடித்தால் விலை குறைவென்றாலும் வேண்டாம். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும், விலை ஏறும். அந்நாட்களில் விருந்துக்கு இறால் என்று கடன்பட வேண்டாம்.

இன்னொன்று. ஓட்டுடலிகள் சிலருக்கு ஒவ்வாது. உதடு வீங்கி, உடல் தடித்து, மூச்சு முட்டினால் அது கண்ணூறும் அல்ல, சூடும் அல்ல. ஓதிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். விருந்தாளியிடம் "உங்களுக்கு ஆகுமா?" என்று கேட்பதில் இந்த ஆகுமையும் அடங்கும்.

வெள்ளவத்தைச் சகோதரிக்கு: நாளைக் காலையே கீழே இறங்கிப் போங்கள். கிதாபு எதுவும் கொண்டுபோக வேண்டாம், உங்கள் கணவர் போனால் இன்னும் நல்லது. "நண்டெண்டு சொல்லாமக் குடுத்தது எங்கட பிழை, மாமி" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் சொன்ன சொல்லுக்கு விளக்கம் கேட்க வேண்டாம். அடுத்த முறை அழைக்கும்போது தோராத் துண்டுகளைப் பொரித்து அதே மிஞ்சிச் சம்பலை ஊற்றுங்கள். மீனில் யாருக்கும் பேச்சில்லை. நண்டு வெந்த சட்டியில் மட்டும் பொரிக்காதீர்கள், வேறு சட்டி எடுங்கள். அதை அவர்களிடம் சொல்லவும் செய்யுங்கள்.

கொட்டாஞ்சேனைச் சகோதரர் ஒருவர் ஜெலட்டின் பற்றிக் கேட்டிருக்கிறார். இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம்.

வஸ்ஸலாம்.